எந்தக் காலேஜ்?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ் முதுநகரைத் தாண்டியதும் ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் தாமாகவே கண்ணாடியை இறக்கிவிடுவார்கள். கண்டக்டர் சொல்லத் தேவையில்லை, மூக்கு சொல்லிவிடும். பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என்று நீளும் சாலையை ஒட்டியே சிப்காட் தொழிற்பேட்டை. கிழக்கே உப்பனாறு. மருந்து மூலப்பொருள், சாயம், பூச்சிமருந்து என்று ஒவ்வொரு கேட்டுக்குள்ளும் ஒரு வேதியியல்.

அங்கே ஒரு கேட்டுக்கு வெளியே, சர்ட்டிபிகேட் பைலை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது பல வருஷங்களுக்கு முன்பு. டிரெய்னி வேலைக்கு நேர்காணல். பெஞ்சில் பதினோரு பேர் இருந்தோம். உள்ளே போய் வந்த ஒவ்வொருவனிடமும் மற்றவர்கள் கேட்டது, "என்ன கேட்டாங்க?" வந்த பதில்களில் ஒன்று மட்டும் மாறவேயில்லை. முதல் கேள்வி, "எந்தக் காலேஜ்?"

என் முறை வந்தது. ஊருக்கே பெயர் தெரியாத ஒரு பாலிடெக்னிக்கைச் சொன்னேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் "ஓ" என்றார். அந்த ஒற்றை எழுத்தில் என் மூன்று வருஷப் படிப்பும் அடங்கிவிட்டது. அவர்மேல் கோபமில்லை. பத்து நிமிஷத்தில் ஒரு பையனை அளக்க வேண்டியவருக்கு, கையில் கிடைத்த முழக்கோல் அதுதான். அந்த முழக்கோல் எதை அளக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

இதே கேள்வியை உலகிலேயே அதிகப் பணம் கட்டிக் கேட்பவர்கள் அமெரிக்கக் கால்பந்து கிளப்காரர்கள். நம் கால்பந்து வேறு, அது வேறு. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், மோதல். அங்கே தொழில்முறை ஆட்டக்காரர்கள் கல்லூரி அணிகளிலிருந்துதான் வருகிறார்கள். கல்லூரிகள் 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் லீக்குகளாகப் பிரிந்து தமக்குள் மோதுகின்றன. அவற்றில் தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்.இ.சி. லீக் ரொம்பக் கடினமானது என்று பேர். ஒவ்வொரு ஏப்ரலிலும் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் ஏழு சுற்றுகளில் 250க்கும் மேற்பட்ட கல்லூரி ஆட்டக்காரர்களைப் பங்குபோட்டு எடுக்கிறது. அப்போது ஒவ்வொரு பையனைப் பற்றியும் எழும் கேள்வி: எந்த லீக்கில் ஆடினான்? பெரிய லீக்கில் ஆடியவன் தொழிலுக்குத் தயாராக வருகிறானா?

கேள்வியைச் சோதிக்க 'ரன்னிங் பேக்' என்ற ஆட்டக்காரர் நல்ல உதாரணம். பந்தைக் கையில் வாங்கி, எதிரணிச் சுவரில் இடுக்கு தேடிப் பாய்ந்து ஓடுபவர். கபடியில் ரைடு போகிறவரை நினைத்துக்கொண்டால் போதும். கைகோத்து நிற்கும் சங்கிலியில் எந்தக் கை தளர்கிறது என்று அரை நொடி முன்னால் தெரிய வேண்டும். ஓடிய தூரம் கெஜக்கணக்கில் துல்லியமாகப் பதிவாகிறது என்பதால் ஆராய்ச்சிக்கு வாகானவர்.

என்.எஃப்.எல். வரலாற்றில் மொத்தமாக அதிக தூரம் ஓடிய ஐவரை எடுப்போம். எம்மிட் ஸ்மித் 18,355 கெஜம், வால்டர் பேட்டன் 16,726, ஃபிராங்க் கோர் சரியாக 16,000, பேரி சாண்டர்ஸ் 15,269, ஏட்ரியன் பீட்டர்சன் 14,918. ஸ்மித் எஸ்.இ.சி.யில் ஆடியவர். மற்ற நால்வரும் வேறு வேறு லீக்குகள். சாண்டர்ஸ் ஆடிய 'பிக் எய்ட்' லீக் இன்று இல்லவே இல்லை.

ஐந்து பேரை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தப் பட்டியலில் இரண்டாவது பெயரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும்.

வால்டர் பேட்டன் மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பின இளைஞர். ஆடியது ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில். கறுப்பினத்தவருக்கென்று இருந்த கல்லூரிகளின் லீக்கில் ஆடிய கல்லூரி அது, பெரியவர்கள் கணக்கில் 'சின்ன லீக்'. பக்கத்திலேயே எஸ்.இ.சி. இருந்ததே என்றால், 1967வரை அந்த லீக்கின் கால்பந்து ஆட்டம் எதிலும் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இறங்கியதில்லை. பேட்டன் 1971இல் பள்ளி முடித்தபோதுதான் கதவு மெல்லத் திறந்துகொண்டிருந்தது. 1975இல் சிகாகோ அணி அவரை நான்காவது ஆளாக எடுத்தது. லீக்கின் பெயர் திறமையை மட்டும் வடிகட்டித் தருவதில்லை. யாரை உள்ளே விட்டார்கள் என்ற கணக்கும் அதில் கலந்திருக்கிறது. நம் ஊரில் இதற்கு உதாரணம் தேட ரொம்பத் தூரம் போக வேண்டாம்.

இனி எதிர்ப்பக்கம். டிரெண்ட் ரிச்சர்ட்சன் எஸ்.இ.சி.யின் அலபாமா அணியில் ஆடி, 2012இல் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டவர். 'தயாரான சரக்கு' என்றால் அவர்தான் என்றார்கள். ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 3.3 கெஜம், மூன்றே சீசன், முடிந்தது. 2017இல் டொலீடோ என்ற நடுத்தர லீக் கல்லூரியிலிருந்து வந்த கரீம் ஹண்ட்டை 85 பேர் எடுக்கப்பட்ட பிறகுதான் எடுத்தார்கள். அந்த முதல் வருஷத்திலேயே 1,327 கெஜம் ஓடி லீக்கில் முதலிடம். அதே வருஷம் கொலராடோ மலைப்பகுதியின் ஒரு சிறு கல்லூரியிலிருந்து வந்த ஆஸ்டின் எக்லரை யாருமே எடுக்கவில்லை. பங்கீடு முடிந்த பிறகு ஓர் அணியில் சேர்ந்தவர், 2021இலும் 2022இலும் சேர்த்து 38 முறை பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுபோய் 'டச்டவுன்' அடித்தார்.

அப்படியானால் சின்ன லீக்தான் நல்லதா? இங்கேதான் புள்ளியியல் நம் காலை வாரிவிடப் பார்க்கும்.

தேவனாம்பட்டினம் கரையிலிருந்து கடலூர்ச் சந்தைக்கு மீன் வருவதை வைத்துச் சொல்கிறேன். பேர்பெற்ற ஒரு வியாபாரியின் கூடையைத் திறந்துபார்க்காமலே வாங்குவார்கள். முகம் தெரியாத ஒரு அம்மா கொண்டுவரும் கூடையில், செதிள் பளபளத்து, செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தால்தான் கைவைப்பார்கள். மாலையில் விற்றுத் தீர்ந்த மீன்களை மட்டும் வைத்துத் தரம் பார்த்தால் அந்த அம்மாவின் மீன் ஒருபடி மேலாகவே தெரியும். காரணம் அவர் வலையில் இல்லை. அவர் கூடைக்கு வாசலில் போட்ட சோதனை கடுமையானது. சுமாரானவை அங்கேயே நின்றுவிட்டன.

என்.எஃப்.எல். வாசலிலும் இதே கதை. எஸ்.இ.சி. பையனின் ஆட்டத்தைப் பார்க்க ஆட்கள் தேடி வருகிறார்கள், சுமாராக ஆடினாலும் கண்ணில் படுவான். சின்ன லீக் பையன் கண்ணில் படவே அசாதாரணமாக ஏதாவது செய்ய வேண்டும். ஆகவே வாசலைத் தாண்டிய பிறகு இருவரையும் ஒப்பிட்டால் வித்தியாசம் மங்கிப்போகும், சில சமயம் தலைகீழாகக்கூடத் தெரியும். வாசலுக்கு வெளியே நின்றுவிட்ட ஆயிரக்கணக்கானவர்களை நாம் எண்ணவில்லையே. 'பெர்க்சன் முரண்' என்று புள்ளியியலில் இதற்குப் பெயர். சிப்காட் பெஞ்சில் என்னையும் சேர்த்து இருந்த பதினோரு பேரில், பெயர் தெரியாத கல்லூரிக்காரர்கள் நான்கு பேர். வேலை கிடைத்தது எனக்கு மட்டும். பத்து வருஷம் கழித்து "சின்னப் பாலிடெக்னிக் பையன்தான்யா சூட்டிகை" என்று மேலாளர் ஒருவர் சொன்னபோது மற்ற மூன்று பேரின் முகம்தான் ஞாபகம் வந்தது.

சரி, கல்லூரி ஆளை ஆக்குகிறதா, அல்லது ஆன ஆளைப் பொறுக்குகிறதா? இதை நேரடியாகச் சோதிக்க வழியில்லை. ஒரே பையனை இரண்டு கல்லூரியில் படிக்கவைத்துப் பார்க்க முடியாது. ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் 2002இல் ஒரு சாமர்த்தியமான குறுக்குவழி கண்டார்கள். 1976இல் கல்லூரி சேர்ந்த அமெரிக்க மாணவர்களின் பிற்காலச் சம்பளத்தை எடுத்தார்கள். ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடம் கிடைத்து அல்லது மறுக்கப்பட்டு, கடைசியில் ஒருவர் பெரிய பேர்கொண்ட கல்லூரிக்கும் மற்றவர் அவ்வளவு பேர் இல்லாத கல்லூரிக்கும் போனவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். சம்பள வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோனது. பெரிய கல்லூரிக்கு விண்ணப்பிக்கத் துணிந்தவனிடம் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்றுதான் சம்பளத்தைக் கொண்டுவந்தது.

ஆனால் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி உண்மையிலேயே கைகொடுத்தது. அதே இருவர் பின்னால் செய்த ஆய்வில், பெற்றோர் அதிகம் படிக்காத பிள்ளைகளுக்கும் கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களுக்கும் அப்படியே வந்தது. எனக்கு இந்த ஆய்வில் பிடித்த இடம் இதுதான். வீட்டிலேயே ஏணி இருப்பவனுக்குக் கல்லூரி தரும் ஏணி உபரி. மற்றவனுக்கு அதுதான் ஏணி.

இன்னொரு சோதனையைக் காலமே செய்து காட்டியது. 2024 ஜூலை 1 அன்று ஓக்லஹாமா, டெக்சஸ் பல்கலைக்கழகங்கள் 'பிக் 12' லீக்கிலிருந்து எஸ்.இ.சி.க்கு மாறின. முந்தின நாள் இரவு படுக்கும்போது பிக் 12 ரன்னிங் பேக்காக இருந்த பையன், விடிந்ததும் எஸ்.இ.சி. ரன்னிங் பேக். அதே கால், அதே ஷூ. அந்த வருஷமே பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு 'அட்லாண்டிக் கரை' லீக்கில் சேர்ந்த கூத்தும் நடந்தது. எல்லாம் டெலிவிஷன் பணம்.

சிரிக்க வேண்டாம், கடலூரிலும் நடந்தது. இங்குள்ள கலைக் கல்லூரிகள் நெடுநாள் வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021 தொடக்கத்தில் விழுப்புரத்தில் புதிதாக ஒரு பல்கலைக்கழகம் பிறந்தது. ஆட்சி மாறி, அதே வருஷம் ஆகஸ்டில் அதைக் கரைக்கச் சட்டம் வந்தது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தன. 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகம், பேர் உண்டு. அதே வகுப்பறை, அதே வாத்தியார், அதே உடைந்த கோல்போஸ்ட். சான்றிதழின் தலைப்பு மட்டும் மாறியது. மைதானத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிகள் நான்கு மண்டலங்களாக நடக்கும். தென்மண்டலத்தில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால்தான் அகில இந்தியச் சுற்று. எந்தப் பல்கலைக்கழக பனியனைப் போடுகிறாள் என்பதைப் பொறுத்து ஒரு கடலூர்ப் பெண் யாரோடு சேர்ந்து ஆடுகிறாள், எத்தனை ஆட்டம் ஆடுகிறாள் என்பது மாறும். எத்தனை ஆட்டம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலூர்ப் பெண்கள் என்றதும் கால்பந்து தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையை வாரிக்கொண்டுபோனபின் அரசு காப்பகத்துக்கு வந்த சிறுமிகளில் சிலர், பயிற்சியாளர் மாரியப்பனிடம் பந்து பழகினார்கள். அந்தப் பயிற்சியைச் சுற்றி வளர்ந்ததுதான் இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகம் என்ற அணி. அந்த அணி 2018இல் ஷில்லாங்கில் நடந்த இந்திய மகளிர் லீக்கில் ஆடியது. அதே வருஷம் பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் போட்டியின் இறுதியில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று சாய்த்தது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரைச் சாய்ப்பதென்றால் சும்மா இல்லை. அந்த அணியில் கடலூரின் இந்துமதி கதிரேசன் இருந்தார். இந்தியாவுக்காகவும் ஆடிய நடுக்கள ஆட்டக்காரர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். தமிழ்நாடு 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் பட்டம் எடுத்தது.

'எந்த லீக்?' என்று கேட்டிருந்தால் இவர்களுக்குச் சொல்லப் பேர் எதுவும் இருந்திருக்காது. ஆனாலும் லீக் இவர்களை ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2017இல் தொடங்கிய மகளிர் லீக்கின் முதல் சீசனில் டெல்லிச் சுற்றுக்கு ஆறு அணிகள். இறுதிவரை போன அணிக்கே ஏழு ஆட்டம்தான், அதுவும் மூன்று வாரத்துக்குள். அடுத்த சீசனில் ஏழு அணிகள். ஊர் ஊராகப் போய்ச் சொந்த மைதானத்திலும் எதிரி மைதானத்திலும் ஆடும் முறை 2023 டிசம்பரில் தொடங்கிய சீசனில்தான் வந்தது. அமெரிக்கக் கல்லூரி ஓட்டக்காரன் வருஷத்துக்குச் சுமார் பன்னிரண்டு ஆட்டம், மூன்று நான்கு வருஷம் ஆடிவிட்டுத்தான் தொழிலுக்கு வருகிறான். பயிற்சியில் ஆயிரம் தடவை பந்தை உதைக்கலாம். அடித்துப் பிடுங்க நிஜமாகவே ஒருத்தி பாய்ந்து வரும்போது பந்தை எங்கே தள்ளுவது என்பதை ஆட்டம்தான் கற்றுத்தரும்.

இதன் காரணம் மூளைக்குள் இருக்கிறது. 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் சதுரங்க வீரர்களிடம் ஆட்டம் நடுவில் நிற்கும் பலகையை ஐந்து நொடி காட்டி, அப்படியே அடுக்கச் சொன்னார்கள். மேதை பெரும்பகுதியைச் சரியாக அடுக்கினார், புதியவர் நாலைந்து காய்களோடு நின்றார். அதே காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டினால், மேதைக்கும் புதியவருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். ஞாபகசக்தி ஒன்றும் பெரிதில்லை. நிஜ ஆட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளைக் கண் தனித்தனிக் காயாகப் பார்க்காமல் கூட்டமாகப் பார்க்கப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். பழகாத அமைப்பில் அந்தப் பழக்கம் செல்லாது.

ரன்னிங் பேக்கிடமும் அதே. இடுக்கு பார்த்து ஓடுவது எல்லா லீக்கிலும் உண்டு. அதனால்தான் புதிதாக வரும் ரன்னிங் பேக்குகள் மற்ற நிலை ஆட்டக்காரர்களைவிடச் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள். பயிற்சியாளர்கள் முனகுவது வேறொன்றுக்கு. பந்தை எறியப்போகும் தன் ஆளைக் காக்க, எங்கிருந்து பாய்கிறான் என்று தெரியாத எதிரியைக் கண்டுபிடித்து மறிக்க வேண்டும். ரைடு போகிறவனைத் திடீரென்று மூலைக்காவலுக்கு நிறுத்தியது போல. சில கல்லூரி ஆட்டமுறைகளில் அந்த வேலையே ரொம்பக் குறைவு. பெரிய லீக்கில் ஆடியும் அதைச் செய்யாதவன் பெரிய லீக்கிலிருந்தே தயாராகாமல் வருவான். அலபாமாவின் மலைபோன்ற முன்வரிசைக்குப் பின்னால் அகல இடுக்குகளில் ஓடிப் பழகிய ரிச்சர்ட்சனுக்கு, குறுகி மூடும் இடுக்கு புது அமைப்பாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

சிப்காட்டுக்குத் திரும்புகிறேன். 2004 வாக்கில் இந்தத் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்து ஆட்கள் சிலர் கூடிச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். நாற்றம் வந்த நாள், நேரம், காற்றின் திசை, என்ன நாற்றம் என்று குறித்துவைத்தார்கள், வாளிக்குள் பை வைத்துக் காற்றுமாதிரி பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வேதியியல் பட்டம் கிடையாது. தினம் ராத்திரி அந்தக் காற்றில் படுத்த மூக்குதான் பட்டம். அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டைக்கோஸ் என்றால் மெர்கேப்டன் வகை. நகப்பூச்சு வாடை என்றால் அசிட்டோன் போன்ற கரைப்பான்.

ஹைட்ரஜன் சல்பைடு பற்றி நானும் பாலிடெக்னிக்கில் பரீட்சை எழுதியிருக்கிறேன், நல்ல மார்க். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு கண்டுபிடித்துவிடும். நூறு பங்கை நெருங்கினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுவிடும். நாற்றம் போய்விட்டதே என்று நின்றவன் விழுவான். இதை விடைத்தாளில் எழுதத் தெரியும். எழுதத் தெரிந்தவன் பிளாண்ட்டில் என்ன செய்வான் என்பதை முதல் நாளே பார்த்துவிட்டார் சீனியர் ஆபரேட்டர் ஒருவர். பத்தாவதோடு நின்றவர், ரியாக்டர் மோட்டார் சத்தம் மாறினால் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பவர். அவர் என்னை எந்தக் காலேஜ் என்று கேட்கவில்லை.

"தம்பி, இப்ப காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

விழித்தேன். அவர் தலையை மேலே ஆட்டினார். கம்பத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாக விண்ட் சாக் பறந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து அதன் கீழேதான் நடந்துகொண்டிருந்தேன்.

"லீக்குன்னா எந்தப் பக்கம் ஓடுவ?"

காற்று வரும் பக்கமா, குறுக்கேயா என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். "இவ்ளோ நேரமாச்சுன்னா ஓடவே வேணாம்," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். அப்புறம் ஒரு மாதம், எந்த மூலையில் என்னைப் பார்த்தாலும் அதே கேள்வி. டீ குடிக்கும்போது, ராத்திரி ஷிப்ட்டில் கண் சொக்கும்போது, மழையில். ஒரு கட்டத்தில் அவர் வாயைத் திறக்கும் முன்பே என் கண் கம்பத்துக்குப் போய்விட்டது.

வேலையை விட்டு வெகுநாளாகிறது. இப்போதும் கல்யாண மண்டபத்துக்குள் நுழையும்போது, வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சந்தனக் கிண்ணத்துப் பக்கம் கை போகிறது.